முகத்துக்கு நேரே சொல்லும் விலை

நேபாளத்தில் ஓர் உள்நாட்டு விமான டிக்கெட் எடுக்கப் போனால், எங்கிருந்து எங்கே, எந்தத் தேதி என்பதோடு இன்னொரு கேள்வியும் வரும். நீங்கள் எந்த நாட்டவர்? பெரும்பாலும் மூன்று பதில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: நேபாளி, இந்தியர், மற்ற வெளிநாட்டவர். முதலாவதைத் தொட்டால் விலை நேபாள ரூபாயில் வரும். மூன்றாவதைத் தொட்டால் அமெரிக்க டாலரில், நன்றாக ஏறி வரும். இந்தியர் என்றால் தனிக் கணக்கு. பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில். விமானம் ஒன்றுதான். காத்மாண்டுவிலிருந்து பொக்காரா போக எல்லோருக்கும் அதே 25 நிமிடம்தான், அதே சின்னக் கடலைப் பொட்டலம்தான். வலது பக்கம் ஜன்னலோரம் கிடைத்தால் எல்லோருக்கும் அதே இமயமலைதான்.

வெளிநாட்டில் ஊர் சுற்றப் போகிறவர்கள் எல்லோருக்கும் இருக்கிற கேள்வி, உள்ளூர் விமானத்தை எப்படி மலிவாகப் பிடிப்பது என்பது. அதற்கு ஆயிரம் யோசனைகள் கிடைக்கும். அந்த யோசனைகளுக்குக் கீழே வேறு இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒரே சீட்டுக்கு அந்நியனிடம் கூடுதலாகக் கேட்பது நியாயமா? கேட்டால், அதைத் தராமல் தப்பிக்க அந்த அந்நியன் எதுவரை போகலாம்?

முதல் கேள்விக்குப் பதில் நம் நாக்கு நுனியிலேயே இருக்கும். அநியாயம், பாகுபாடு. ஆனால் இந்தியர்களாகிய நாம் இந்த விஷயத்தில் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டியவர்கள். மாமல்லபுரத்தில் டிக்கெட் கவுன்டரில் நமக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. தாஜ்மகாலில் நமக்கு 50, அவர்களுக்கு 1,100. சார்க் நாட்டவர் என்றால் தாஜில் இரண்டுக்கும் நடுவில் 540. மாமல்லபுரத்தில் நம்மைப் போலவே 40. நேபாளம் நம்மை நடுவில் வைத்திருப்பதுபோல நாமும் நேபாளியை எங்கேயோ ஓரிடத்தில் வைத்திருக்கிறோம். 1990களில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தில் டெல்லியிலிருந்து சென்னைக்கு வந்த வெள்ளைக்காரர், பக்கத்து சீட் மாமா ரூபாயில் கொடுத்ததைவிடக் கூடுதலாக டாலரில் கொடுத்துத்தான் வந்தார்.

இன்றும் நம் அரசிதழில் இதற்குத் தடயம் இருக்கிறது. ஓசிஐ அட்டை வைத்திருக்கும் வெளிநாட்டு இந்திய வம்சாவளியினருக்கு என்னென்ன உரிமைகள் என்று அரசு பட்டியல் போடும்போது, உள்நாட்டு விமானக் கட்டணத்தில் இந்தியக் குடிமக்களுக்குச் சமமாக நடத்தப்படுவார்கள் என்பதையும் ஒன்றாக எழுதியிருக்கிறது. 2021 அறிவிக்கையிலும் அந்த வரி உண்டு. யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. அவர்களுக்கு ஓட்டுப் போடும் உரிமை கிடையாது. ஆனால் மதுரைக்குப் பறக்கும்போது ஊர்க்காரர் விலை உண்டு. ‘நீ எங்கள் ஆள்’ என்று ஓர் அரசு சொல்ல நினைக்கும்போது அதன் வாயில் வருகிற முதல் சில சொற்களில் விமான டிக்கெட்டும் இருக்கிறது. விலை என்பது வெறும் விலை இல்லை. நீ யார் என்று சொல்கிற ஒரு வாக்கியம் அது.

*

ஊர்க்காரருக்கு ஒன்று, அந்நியருக்கு ஒன்று என்று வைப்பதற்கு மூன்று நியாயங்கள் சொல்லப்படுகின்றன. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடக் கூடாது. அவற்றின் எடை வேறு வேறு.

முதலாவது, வரி. விமான நிலையம், ஓடுபாதை, கோபுரம் எல்லாம் உள்ளூர் ஜனங்கள் கட்டிய வரியில் வந்தவை, அவர்கள் ஏற்கனவே கொடுத்துவிட்டார்கள், நீ இப்போதுதான் கொடுக்கிறாய். கோவில், அருங்காட்சியகம் போன்ற பொதுச்சொத்துக்கு இது நன்றாகப் பொருந்தும். தனியார் விமான நிறுவனத்துக்கு அவ்வளவாகப் பொருந்தாது. அந்நியர் விசாவுக்குக் கட்டுகிறார், விமான நிலையக் கட்டணமும் கட்டுகிறார். எங்கோ சிட்னியில் செட்டிலாகி 15 வருடமாகச் சொந்த நாட்டில் வருமான வரியே கட்டாத ஒரு நேபாளக் குடிமகனுக்கு ஊர்க்காரர் விலைதான்.

இரண்டாவது, வசதி. டாலரில் சம்பாதிப்பவன் கொடுக்கட்டும், அவனுக்கு என்ன கேடு? கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாஸ்போர்ட் என்பது மணிபர்ஸ் இல்லை. காத்மாண்டுவில் நாலு மாடி வீடு வைத்திருப்பவரும், இரண்டு வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்து மலையைப் பார்க்க வந்த ஒரு வெளிநாட்டுத் தொழிலாளியும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். வசதியைத்தான் பார்க்கிறோம் என்றால் பார்க்க வேண்டியது வேறு எதையோ.

மூன்றாவது, தேவை. மூன்றிலும் இதுதான் கனமானது. நேபாளத்தின் வடமேற்கு மூலையில் ஹும்லா மாவட்டம் இருக்கிறது. அதன் தலைமையிடம் சிமிகோட். நாட்டின் சாலைகளோடு இணையாமல் கடைசிவரை கிடந்த மாவட்டம் அது. நேபாள்கஞ்சிலிருந்து சின்ன விமானம் போனால்தான் உண்டு என்று நெடுங்காலம் இருந்தது. அங்கே இருக்கிற ஒருவருக்கு விமானம் உல்லாசம் இல்லை. ஆஸ்பத்திரிக்கு, கோர்ட்டுக்கு, காலேஜுக்குப் போகிற பஸ் அது. நானோ கைலாயம் போகிற வழியில் அங்கே இறங்குகிறேன். வராமல் இருந்தாலும் எனக்கு ஒன்றும் குறையாது. வேறு வழியில்லாமல் போகிறவரையும் ஆசைப்பட்டுப் போகிறவரையும் ஒரே விலையில் வைப்பதுதான் சமத்துவம் என்றால், அந்தச் சமத்துவம் எனக்குப் புரியவில்லை.

ஆனால் இந்த நியாயம் சிமிகோட்டுக்குத்தான் செல்லும். காத்மாண்டு – பொக்காரா தடத்துக்கும் அதே நியாயத்தை எடுத்துவந்தால் இடிக்கிறது. அங்கே சுமார் 200 கிலோமீட்டர் நெடுஞ்சாலை இருக்கிறது, நாள் முழுக்க பஸ் ஓடுகிறது. ரோடு எவ்வளவு மோசமாக இருந்தாலும், விமானத்தில் போகிற உள்ளூர்க்காரர் வேறு வழியில்லாதவர் இல்லை. தேவைக்காக வைத்த நியாயத்தை மெல்ல இழுத்து எல்லாத் தடங்களுக்கும் போர்த்திவிட்டால், அது தேவையின் பேரில் வசூலிக்கிற வேறு ஏதோ.

இதையே வேறு மாதிரி செய்கிற நாடுகளும் உண்டு. ஸ்பெயினில் கேனரி, பலேரிக் தீவுகளில் வசிப்பவர்களுக்கும், ஆப்பிரிக்கக் கரையில் இருக்கிற சேயுத்தா, மெலில்யா நகரங்களில் வசிப்பவர்களுக்கும் உள்நாட்டு விமானக் கட்டணத்தில் 75 சதவீதம் தள்ளுபடி. தீவில்தான் வாழ்கிறோம் என்பதைக் காட்ட வேண்டும். பயணியின் நாட்டையோ வசிப்பிடத்தையோ பார்த்து விமான நிறுவனம் விலையை மாற்றக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டுச் சட்டம். எனவே விமான நிறுவனம் எல்லோருக்கும் ஒரே விலைதான் வைக்கிறது. தீவுக்காரர் சார்பில் மீதியை அரசு கட்டுகிறது.

கணக்குப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். தீவுக்காரர் 25 கொடுக்கிறார், சுற்றுலாப் பயணி 100 கொடுக்கிறார். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். தீவுக்காரர்மீது அக்கறை கொண்டது நாடு, அதற்கான காசை எடுத்து வைத்ததும் அதே நாடு. அந்நியனின் பையிலிருந்து எடுத்து ஊர்க்காரனுக்குப் பாசம் காட்டவில்லை.

நம் ஊர் உடான் திட்டம் இன்னொரு வழி. 2016இல் அறிவித்து 2017இல் பறக்கத் தொடங்கியது. சிறிய ஊர்களுக்குப் போகும் விமானங்களில் ஒரு பகுதி சீட்டுகளுக்கு உச்ச விலை வைத்தார்கள். ஒரு மணி நேரப் பயணத்துக்குச் சுமார் 2,500 ரூபாய். 2018இல் சேலத்துக்கு மறுபடி விமானம் வந்தது இதில்தான். அதற்கான பணத்துக்காகப் பெரிய தடங்களில் பறக்கிற விமானங்கள்மீது ஒரு தீர்வை. சென்னையிலிருந்து டெல்லி போகிறவர் சேலம் போகிறவருக்காக ஒரு துளி கொடுக்கிறார், தெரியாமலே. இந்தத் திட்டத்தில் தொடங்கிய பல தடங்கள் நிலைக்கவில்லை, அது வேறு கதை. எனக்கு இதில் பிடித்தது ஒன்றுதான். நீ யார் என்று அது கேட்கவில்லை, எங்கே போகிறாய் என்று கேட்டது.

*

போன முறை நேபாளம் போயிருந்தபோது தமேலில் ஒரு சின்ன விடுதியில் தங்கியிருந்தேன். அங்கே ஓர் அக்கா பழக்கமானார். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், கனடா பாஸ்போர்ட். டொரன்டோ பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. இரவு ஷிஃப்ட்டெல்லாம் சேர்த்துப் பார்த்துக் காசு மிச்சம் பிடித்து வந்திருந்தார். பசுபதிநாதரைப் பார்த்தாயிற்று, முக்திநாத்தையும் பார்த்துவிட வேண்டும், செத்துப்போன அம்மாவின் ஆசை என்றார். முக்திநாத் வைணவர்களுக்குத் திருச்சாளக்கிராமம், 108 திவ்ய தேசங்களில் ஒன்று. தமிழ்நாட்டிலிருந்து கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். பொக்காரா போய், அங்கிருந்து ஜோம்சோமுக்குச் சின்ன விமானம் பிடிக்க வேண்டும். மதியத்துக்கு மேல் காளிகண்டகிப் பள்ளத்தாக்கில் காற்று பிய்த்துக்கொண்டு வீசும் என்பதால் காலையில்தான் விமானம்.

இரண்டு பேரும் சேர்ந்தே டிக்கெட் எடுக்கப் போனோம். தெருமுனையில் ஒரு டிராவல்ஸ். அவர் என் விலையைச் சொன்னார், பிறகு அக்காவின் விலையைச் சொன்னார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“நீரும் நானும் ஒரே பாஷைதானே தம்பி கதைக்கிறம். பிறகென்ன உமக்கொரு விலை, எனக்கொரு விலை?”

“அது பாஸ்போர்ட்டுக்குப் போடுற விலைக்கா” என்றேன்.

“அப்ப நான் ஆரெண்டு அந்தப் புத்தகம்தான் சொல்லுமோ?” என்று சிரித்தார்.

டிராவல்ஸ்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. நல்ல மனுஷர்தான். குரலைத் தாழ்த்தி இந்தியில் என்னிடம் சொன்னார்: மேடத்தின் பெயரும் முகமும் இந்திய முகம்தானே, இந்தியர் என்றே போட்டுவிடுகிறேன், இந்தத் தடத்தில் அவ்வளவாகப் பார்க்க மாட்டார்கள், பார்த்தால் பார்த்துக்கொள்ளலாம். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். மிச்சமாகிற தொகை அக்காவுக்குச் சின்னத் தொகை இல்லை. ஜோம்சோமுக்கும் சேர்த்தால் இன்னும் அதிகம்.

அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: “வேண்டாம் தம்பி. உயிருக்காண்டி ஒருக்கா வேற பேரிலை பறந்தனான். காசுக்காண்டி இன்னொருக்கா வேண்டாம்.”

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டாலரில் கட்டினார்.

அடுத்த நாள் விமானத்தில் இந்தப் பக்கம் நானும் அக்காவும். நடைபாதைக்கு அந்தப் பக்கம் ஒரு நேபாளிப் பெண், மடியில் குழந்தை. யாரும் பார்க்க முடியாதபடி எங்களுக்குள் மூன்று விலைகள் உட்கார்ந்திருந்தன. சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கிற எனக்கு நடு விலை. இரவெல்லாம் விழித்துக் கிழவர்களைப் புரட்டிப் படுக்க வைக்கிற அக்காவுக்கு உச்ச விலை. வசதி என்ற நியாயம் எங்கள் வரிசையில் தலைகீழாகக் கிடந்தது.

ஆனாலும் நான் அந்த நாளிலிருந்து யோசிப்பது அந்த அநியாயத்தைப் பற்றி மட்டும் இல்லை. அக்கா போட்ட கோட்டைப் பற்றி. உயிருக்காகச் சொல்கிற பொய்யும் காசுக்காகச் சொல்கிற பொய்யும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுதான். இரண்டிலும் ஒரு கவுன்டர், ஒரு புத்தகம், நான் இன்னார் என்கிற ஒரு வாக்கியம். முதலாவதில், உண்மையைச் சொன்னால் கேட்பவர்கள் வாழவிட மாட்டார்கள். உண்மையைக் கேட்கும் தகுதியை அவர்கள் இழந்துவிட்டார்கள். இரண்டாவதில் உண்மையைச் சொன்னால் பணம் அதிகமாகும், அவ்வளவே. கேட்பவரின் விதி சரியில்லாததாக இருக்கலாம். அதற்காகக் கேட்பவருக்குப் பதில் சொல்லும் கடமை தீர்ந்துவிடாது. அக்காவிடம் இதையெல்லாம் சொல்லியிருந்தால் ‘ஓம் ஓம்’ என்றுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பார்.

*

இதுவரை பேசியது எழுதிப் போட்டிருக்கும் விலையைப் பற்றி. இப்போது நம்மில் பெரும்பாலோர் தினமும் சந்திக்கிற இன்னொரு விலைக்கு வருவோம். அது எந்த நாடு என்று கேட்பதில்லை. எதையுமே கேட்பதில்லை.

1849இல் ழூல் டூப்பூய் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் ரயில் கட்டணங்களைப் பற்றி எழுதும்போது ஒரு விஷயத்தைக் கவனித்தார். மூன்றாம் வகுப்புப் பெட்டிகளுக்குக் கூரை இல்லை. கூரை போட ஆகிற செலவுக்காக அல்ல. கூரை போட்டுவிட்டால் இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்கக்கூடியவர்கள் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடுவார்கள். பணம் உள்ளவரை பயமுறுத்துவதற்காக ஏழை நனைய விடப்படுகிறார். அவரை வருத்துவது நோக்கமே இல்லை, ஆனால் நனைவது அவர்தான்.

விமானத்துறை இந்தக் கூரையைக் காலண்டரில் கட்டியது. 1977இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மலிவு டிக்கெட் ஒன்றைக் கொண்டுவந்தது. நிபந்தனைகள் இருந்தன. பல நாள் முன்பே வாங்க வேண்டும், போன இடத்தில் குறைந்தது இத்தனை நாள் தங்க வேண்டும். அடுத்த ஆண்டே அமெரிக்கா விமானக் கட்டணங்களின்மீது இருந்த அரசுக் கட்டுப்பாட்டை நீக்கச் சட்டம் போட்டது. இத்தகைய டிக்கெட்டுகளில் சனிக்கிழமை இரவு அங்கேயே தங்க வேண்டும் என்ற நிபந்தனை பின்னர் பரவலானது. கம்பெனி வேலையாகப் போகிறவர் வார இறுதிக்கு வீட்டுக்குத் திரும்பிவிடுவார், அவரால் இந்த டிக்கெட்டை எடுக்க முடியாது. உன் தொழில் என்ன, எவ்வளவு அவசரம் என்று யாரும் கேட்கவில்லை. சனிக்கிழமை அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. ஒரே கேபினுக்குள் பல விலைப் படிகள். கீழ்ப்படி தீர்ந்ததும் அடுத்தது திறக்கும். இன்று அந்த வேலையைக் கம்ப்யூட்டர் நொடிக்கு நொடி செய்கிறது.

இதனால் நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. கடைசி நேரத்தில் ஓடி வருகிறவர் அதிகம் கொடுப்பதால்தான் மூன்று மாதம் முன்பே திட்டமிட்ட ஒரு மாணவிக்கு மலிவாகச் சீட் கிடைக்கிறது. எல்லோருக்கும் ஒரே விலை என்றால் அந்த மாணவி ரயிலில்தான் போயிருப்பாள். ஆனால் கடைசி நேரத்தில் ஓடி வருகிறவர் எல்லோரும் கம்பெனி ஆட்கள் இல்லை. அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று போன் வந்தவரும் கடைசி நேரத்தில்தான் வருகிறார். அந்தப் படிக்கட்டுக்கு இருவரும் ஒன்று. அவசரம் என்பது பணம் இருப்பதன் அடையாளம் என்று அது எடுத்துக்கொள்கிறது. வீட்டில் சாவு விழுந்தவனின் அவசரம் அப்படிப்பட்டதில்லை என்று நமக்குத் தெரியும்.

பொங்கலுக்கு முந்தின நாள் கோயம்பேட்டிலோ கிளாம்பாக்கத்திலோ நின்றவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. விமானத்திலும் இதற்கு எல்லை வைக்கலாம் என்று அரசுக்குத் தெரியும். கோவிட் காலத்தில், 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை, உள்நாட்டு விமானக் கட்டணத்துக்குக் கீழ் எல்லையும் மேல் எல்லையும் வைத்திருந்தார்கள்.

முகம் பார்த்து விலை சொல்வது நமக்குப் புதிதில்லை. சந்தையில் கீரைக்காரம்மா ஆளைப் பார்த்துத்தான் விலை சொல்வார். ஆனால் அவர் என்னைப் பார்க்கும்போது நானும் அவரைப் பார்க்கிறேன். “என்னம்மா, நேத்து பத்து ரூபாதானே” என்று கேட்க எனக்கு வாய் இருக்கிறது. “மழை பேஞ்சு எல்லாம் அழுகிப்போச்சு சாமி” என்று சொல்ல அவருக்கும் வாய் இருக்கிறது. விலை அங்கே ஒரு பேச்சு. திரைக்குப் பின்னால் இருக்கிற விலை என்னைப் பார்க்கும், நான் அதைப் பார்க்க முடியாது. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. கேட்டுக்கொண்டிருக்கும்போதே 400 ரூபாய் ஏறியிருக்கும்.

அந்த வகையில் நேபாளத்தின் மூன்று விலைகள் எனக்கு மேலாகப் படுகின்றன. அவற்றில் அநியாயம் இருக்கலாம், ஆனால் ஒளிவு இல்லை. ‘நீ வெளியாள், உனக்கு இவ்வளவு’ என்று முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். சொன்னதால் அக்காவால் கேட்க முடிந்தது. நான் இங்கே வாதாட முடிகிறது. நாளை நேபாளிகளே கூடி இதை மாற்றவும் முடியும்.

*

இப்போது இரண்டாவது கேள்வி. மலிவாகத் தேடுவதில் எது சாமர்த்தியம், எது களவு?

திறந்து கிடக்கிற கதவுகளில் எல்லாம் நுழையலாம் என்பது என் எண்ணம். தேதியை முன்பின் நகர்த்துவது, நிறுவனத்தின் உள்ளூர் மொழிப் பக்கத்தில் உள்ளூர் நாணயத்தில் விலை பார்ப்பது, தெருமுனை டிராவல்ஸில் விசாரிப்பது, பஸ்ஸில் போவது. எந்த நாட்டில் விற்கிறார்கள் என்பதைப் பொறுத்து விமான நிறுவனங்களே விலையை மாற்றி வைக்கும்போது, மலிவாக விற்கிற இடத்தில் போய் வாங்குவதில் பொய் ஒன்றும் இல்லை.

அந்நியனுக்கென்றே திறந்திருக்கும் கதவுகளும் உண்டு. ஜப்பானில் இரண்டு பெரிய விமான நிறுவனங்களும் வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு மட்டும் மலிவான உள்நாட்டுக் கட்டணங்களை வைத்திருக்கின்றன. 2024இல் ஜப்பான் ஏர்லைன்ஸ் இன்னும் ஒரு படி போய், சில நாடுகளிலிருந்து தன் விமானத்தில் வருகிறவர்களுக்கு உள்நாட்டுப் பயணத்தை இலவசமாகவே சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியது. எல்லோரும் டோக்கியோவிலும் கியோட்டோவிலும் குவியாமல் மற்ற ஊர்களுக்கும் போகட்டும் என்பது யோசனை. அதாவது ஒரு ஜப்பானியர் காசு கொடுத்துப் போகிற சீட்டில் வெளிநாட்டவர் சும்மா போகிறார். இதைப் பாகுபாடு என்று திட்டிய சுற்றுலாப் பயணி யாரையும் நான் சந்தித்ததில்லை. வெளியாளுக்கு ஒரு விலை என்பது நம்மைக் கோபப்படுத்துவது அது நமக்கு எதிராக இருக்கும்போதுதான் என்றால், அந்தக் கோபத்துக்கு நியாயம் என்று பேர் வைக்க முடியாது.

இடைப்பட்ட விஷயங்களும் இருக்கின்றன. சில நேரம் தூரத்து ஊருக்கு எடுத்த டிக்கெட் வழியில் இருக்கிற ஊருக்கான டிக்கெட்டைவிட மலிவாக இருக்கும். தூரத்து டிக்கெட்டை வாங்கி வழியிலேயே இறங்கிவிடுகிறார்கள். நிறுவனங்கள் இதை ஒப்பந்த மீறல் என்கின்றன. மீறல்தான், மறுக்கவில்லை. ஆனால் நீண்ட தூரத்துக்குக் குறைந்த விலை ஏன் என்று பயணியிடம் சொல்ல முடியாதவர்கள், பாதியில் ஏன் இறங்கினாய் என்று கேட்கும்போது அவர்கள் குரலில் எனக்கு அறம் கேட்பதில்லை, வியாபாரம்தான் கேட்கிறது. வியாபாரத்துக்கு வியாபாரமாகப் பதில் சொல்கிறவரை நான் திருடன் என்று சொல்ல மாட்டேன்.

நான் இல்லாத ஒருவனாக என்னைச் சொல்லிக்கொள்வது வேறு. ஊர்க்காரருக்கென்று ஒதுக்கிய மலிவு சீட்டுகள் எண்ணி வைத்தவையாக இருந்தால், நான் எடுக்கிற ஒவ்வொன்றும் ஒரு ஊர்க்காரரிடமிருந்து எடுத்தது. பெருவில் நீண்ட காலம் சில சலுகைக் கட்டணங்கள் அங்கே வசிப்பவர்களுக்கு மட்டும் என்று இருந்தன. மச்சு பிச்சு பார்க்கக் குஸ்கோவுக்குப் போகிற வெளிநாட்டவர் அதை வாங்கிவிட்டு, சிக்கினால் வித்தியாசத்தைக் கட்டிக்கொள்ளலாம் என்று போவார்கள். சிக்காவிட்டால் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொள்வார்கள். லிமாவில் கூலி வேலை செய்துவிட்டுத் திருவிழாவுக்கு ஊருக்குத் திரும்ப நினைத்தவருக்கு அந்த மலிவு சீட் தீர்ந்துபோயிருக்கும். கடைசியில் அந்தச் சாமர்த்தியத்துக்கு விலை கொடுப்பது விமான நிறுவனம் இல்லை, அவர்.

விதி அநியாயமாக இருந்தால்? அப்போதும் அதை மீற ஒரு வழி, எதிர்க்க ஒரு வழி. பொய் சொல்லித் தப்பித்தவர் அந்த விதியைத் தனக்கு மட்டும் ரத்து செய்துகொள்கிறார், அடுத்து வருகிறவருக்கு அது அப்படியே இருக்கும். பாஸ்போர்ட்டைக் காட்டி, காசைக் கட்டி, ‘ஏன்?’ என்று கேட்டவர்தான் விதியோடு சண்டை போடுகிறார்.

*

ஆக, நியாயமான விலை என்பது எல்லோருக்கும் ஒரே விலை இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கொடுக்கிறவரின் முகத்தைப் பார்த்துக் காரணம் சொல்ல முடிகிற விலைதான் நியாயமான விலை. சிமிகோட் விமானத்தில் ஏறுகிற சுற்றுலாப் பயணியிடம் சொல்லலாம்: ‘உங்களுக்கு இது பயணம், இவர்களுக்கு இது ஆஸ்பத்திரி, அதனால் நீங்கள் கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள்.’ பெரும்பாலான மனிதர்கள் ஒத்துக்கொள்வார்கள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஓடி வருகிறவரிடம் ‘உங்களுக்கு அவசரம், அதனால் மூன்று மடங்கு’ என்று எந்த மனிதராலும் நேரில் சொல்ல முடியாது. நேரில் சொல்ல முடியாததைச் சொல்லத்தான் திரை தேவைப்படுகிறது.

காரணம் சொல்ல முடிந்தால் மட்டும் போதாது. எவ்வளவு என்பதற்கும் காரணம் வேண்டும். மாமல்லபுரத்தில் ஒரு வெளிநாட்டவர் என்னிடம் திரும்பி ‘இந்த 600 ஏன்?’ என்று கேட்டால் நான் சொல்லத் தொடங்குவேன். இந்தக் கல்லைக் காக்க எங்கள் ஜனங்கள் வரி கட்டுகிறார்கள், பக்கத்து கிராமத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அவர்கள் அம்மாக்களும் வந்து பார்க்க வேண்டும், உங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் தவறில்லை. இரண்டு மடங்கு என்றால் தலையை நிமிர்த்திச் சொல்வேன். மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்றாலும் ஏதோ சொல்லிவிடுவேன். 40க்கும் 600க்கும் நடுவில் இருப்பது 15 மடங்கு. அந்த இடத்துக்கு வரும்போது என் குரல் தாழ்கிறது. அவர் பாஸ்போர்ட்டில் என்ன நாடு எழுதியிருக்கிறது, அவர் இரவு ஷிஃப்ட் பார்க்கிறவரா என்றெல்லாம் எனக்குத் தெரியாது. குரல் எங்கே தாழ்கிறதோ அங்கேதான் அந்த விலைப் பலகையைத் திருத்த வேண்டும்.